மூக்கைத் திருத்தும் ஆபரேஷன்: முதல் வாரம், முதல் மாதம், முதல் வருஷம்

மூக்குத் தண்டில் இருக்கும் மேட்டை எடுத்து, கீழே இறங்கியிருக்கும் நுனியைக் கொஞ்சம் தூக்கிவிட ஒரு மருத்துவர் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார். வலி எப்படி இருக்கும், எத்தனை நாள் லீவு போட வேண்டும், எப்போது வெளியே தலைகாட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில், இடது பக்கம் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்று ஒரு வரியைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கடைசியில், "முடிந்த பிறகு நான் நானாகத்தான் தெரிவேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். லீவு, வலி எல்லாம் எளிதாகச் சொல்லிவிடலாம். உங்களை உறுத்துவது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். மருத்துவர் கண்ணுக்கு முதலில் படுவதோ அந்த மூக்கடைப்பு.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவம் படித்து, பல ஆண்டுகளாக மூக்கு ஆபரேஷன் செய்துவருபவன். மூச்சு சரியில்லை என்று வருபவர்களும் உண்டு, தோற்றத்துக்காக வருபவர்களும் உண்டு, இரண்டையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. உங்கள் மூக்கை நான் பார்க்கவில்லை, தொட்டும் பார்க்கவில்லை. விரலால் நுனியை அழுத்தி அது எவ்வளவு விறைப்பாக எழுந்து வருகிறது என்று பார்ப்பதும், தோலைக் கிள்ளி அதன் தடிமனை உணர்வதும் இந்தத் தொழிலில் பாதி. ஆகவே செய்துகொள்ளலாமா கூடாதா என்று நான் சொல்லப்போவதில்லை. செய்துகொண்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

மூக்கின் மேல் பாகம், அதாவது கண்ணாடி உட்காரும் இடம், எலும்பு. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் குருத்தெலும்பு. உள்ளே இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியும் குருத்தெலும்புதான். தண்டில் தெரியும் மேடு வெறும் எலும்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் பாதிக்கு மேல் குருத்தெலும்பாக இருக்கும். மேட்டை எடுக்கும்போது எலும்பை அரம் போன்ற கருவியால் ராவுவோம், குருத்தெலும்பைக் கத்தியால் சீவுவோம். அப்படி எடுத்ததும் தண்டின் கூரை திறந்து, மேலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும். அதை மூடுவதற்குத்தான் இரண்டு பக்க எலும்பையும் மெல்லிய உளியாலோ அதிர்வுக் கருவியாலோ வெட்டி உள்நோக்கி நகர்த்துவோம். "மூக்கை உடைப்பார்களாமே" என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். உடைப்பது என்பதைவிட, குறித்த கோட்டில் வெட்டுவது என்பதே சரி. சின்ன மேடாக இருந்தால் இது தேவைப்படாமலும் போகலாம். நுனியில் வேலை முழுக்கக் குருத்தெலும்பில்தான்: சீவுவது, தையல் போட்டு வளைப்பது, நடுச்சுவரிலிருந்து ஒரு துண்டு எடுத்து முட்டுக் கொடுப்பது.

இதைச் செய்ய இரண்டு வழி. எல்லா வெட்டையும் துவாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது ஒன்று. வெளியே தழும்பு இருக்காது. 1887-இலேயே அமெரிக்காவில் ஜான் ஆர்லண்டோ ரோ என்ற மருத்துவர் இப்படி உள்ளிருந்தே நுனியைத் திருத்தியதைப் பதிவு செய்திருக்கிறார், அவ்வளவு பழைய வழி. மற்றொன்று, இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கும் தோல்தண்டில் சிறிய வெட்டுப் போட்டு, தோலை மேலே தூக்கி, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துச் செய்வது. தழும்பு பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தேடினால்தான் தெரியும் அளவுக்கு மங்கிவிடும். ஆனால் இந்த வழியில் நுனி வீக்கம் வடியக் கூடுதல் நாளாகும். எது சிறந்தது என்று இணையத்தில் பெரிய சண்டையே நடக்கும். உங்கள் மருத்துவர் எதில் கை தேர்ந்தவரோ அதுதான் உங்களுக்குச் சிறந்தது என்பது என் கட்சி. கோணலான மூக்கு, இரண்டாம் முறை ஆபரேஷன், நுனியில் சிக்கலான வேலை, இவற்றுக்குத் திறந்து செய்வதையே நான் விரும்புவேன்.

சரி, மூக்கடைப்புக்கு வருவோம். தண்டும் நுனியும் சேருமிடத்துக்கு உள்ளே, நடுச்சுவருக்கும் பக்கவாட்டுக் குருத்தெலும்புக்கும் இடையே ஒரு குறுகலான சந்து இருக்கிறது. வால்வு என்று அதைச் சொல்வோம். குறுகலான மூக்குகளில் அந்தக் கோணம் 10 முதல் 15 பாகைதான். அகன்ற மூக்குகளில் இன்னும் கொஞ்சம் கூடுதல். மூக்குக்குள் மூச்சுக்காற்று போகும் வழியிலேயே மிகக் குறுகிய இடம் அதுதான், அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் உணர்வீர்கள். மேட்டை எடுத்து எலும்பை உள்ளே நகர்த்தும்போது இந்தச் சந்து இன்னும் குறுகும். பார்க்க எடுப்பாகவும், மூச்சுவிட மோசமாகவும் முடியும் மூக்குகளில் பல இங்கேதான் கெடுகின்றன. இதைத் தடுக்க வழி இருக்கிறது. நடுச்சுவரிலிருந்து எடுத்த மெல்லிய குருத்தெலும்புத் துண்டுகளை இரண்டு பக்கமும் சொருகி, சந்தைத் திறந்தே வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார். "தோற்றத்துக்குத்தானே வந்திருக்கிறோம், இதை எதற்குச் சொல்வது" என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் அடைப்புக்குக் காரணம் பல இருக்கலாம். நடுச்சுவர் வளைந்திருக்கலாம், அப்படியென்றால் அதே ஆபரேஷனில் நேராக்கிவிடலாம், அப்போது எடுக்கும் குருத்தெலும்பே முட்டுக் கொடுக்கவும் பயன்படும். பக்கச் சுவரில் இருக்கும் டர்பினேட் என்ற மடிப்பு ஒவ்வாமையால் வீங்கியிருக்கலாம். அதைச் சுருக்கலாம், ஆனால் எந்தக் கத்தியும் ஒவ்வாமையைக் குணப்படுத்தாது, ஸ்பிரே தொடர வேண்டியிருக்கும். வால்வே குறுகலாக இருக்கலாம். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்: இடது மூக்கின் ஓரத்துக் கன்னத்தை விரலால் பக்கவாட்டில் மெல்ல இழுத்துக்கொண்டு மூச்சை இழுங்கள். சட்டென்று காற்று தாராளமாக வந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். சந்தேகிக்கத்தான், முடிவுகட்ட இல்லை. பலருக்கு அப்படி இழுத்தால் நன்றாகத்தான் வரும். அடைப்பு பக்கம் மாறி மாறி வருகிறது என்றால் அது இயல்பான சுழற்சியாகவும் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகும்.

இன்னொரு விஷயம் தோல். கத்தி வேலை செய்வது உள்ளே இருக்கும் சட்டத்தில். வெளியே தெரிவது அதன்மேல் படிந்திருக்கும் தோல். மெல்லிய துணிக்கடியில் சிறு கல் இருந்தாலும் தெரியும், கம்பளிக்கடியில் கூழாங்கல்லே தெரியாது, அதுபோலத்தான். மெல்லிய தோலில் நுனி அழகாகத் துலங்கும், ஆனால் குருத்தெலும்பின் சிறு ஓரம்கூட ஒரு வருஷம் கழித்து எட்டிப் பார்க்கும். தடித்த, எண்ணெய்ப்பசையுள்ள தோல் சிறு குறைகளை மறைத்துவிடும், ஆனால் கூரான நுனி வேண்டுமென்றால் ஒத்துழைக்காது. வீக்கமும் அதில்தான் நெடுநாள் தங்கும். தடித்த தோலுள்ள ஒருவர் மெல்லிய தோலுள்ள ஒருவரின் படத்தைக் காட்டி "இது மாதிரி வேண்டும்" என்றால், அது எந்த மருத்துவராலும் முடியாத காரியம். முடியும் என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

படம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. செல்ஃபியை வைத்து உங்கள் மூக்கை எடைபோடாதீர்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில், ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் வந்த ஒரு கணக்கீடு காட்டியது. கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதானே. மருத்துவர் எடுக்கும் படங்கள் சரியான தூரத்திலிருந்து, நேர், பக்கவாட்டு, சாய்வு, கீழிருந்து மேல் என்று எல்லாக் கோணத்திலும் இருக்கும். அவற்றைப் பார்த்துப் பேசுங்கள். கணினியில் உங்கள் முகத்தை மாற்றிக் காட்டினால், அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாமல், இருவரும் ஒரே திசையில்தான் யோசிக்கிறீர்களா என்று சரிபார்க்கும் கருவியாக எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் அந்தப் படத்தில்தான் தெரியும், மூக்கு பெரிதில்லை, மோவாய் சிறியது என்று. மோவாய் உள்வாங்கியிருந்தால் சாதாரண மூக்கும் துருத்திக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியையும் கேட்டுவிடுகிறேன், நல்ல மருத்துவர் எவரும் கேட்பார். இந்த மூக்கை நினைத்து ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது? கண்ணாடி, ஜன்னல், செல்போன் திரை என்று எது கிடைத்தாலும் மூக்கைப் பார்க்கிறீர்களா? வெளியே போவதையே தவிர்க்கிறீர்களா? பிறர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கையே நின்றுபோகும் ஒரு மனநிலை உண்டு. பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருக்கும் அது, மூக்கு ஆபரேஷனுக்கு வருபவர்களிடம் பல மடங்கு அதிகம். அவர்களுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் திருப்தி வருவதில்லை, கவலை இன்னோர் இடத்துக்கு நகரும். அவர்களுக்கு உதவுவது மனநல சிகிச்சை. உங்கள் கேள்வியைப் படித்தவரை உங்களுக்கு அப்படி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

தயாராவது பற்றிச் சுருக்கமாக: ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, மூலிகைச் சத்து மாத்திரைகள் எல்லாம் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். வழக்கமாக 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம். இதயத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த ரத்தம் நீர்க்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவுசெய்ய வேண்டும். புகை பிடிப்பவராக இருந்தால் குறைந்தது 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் கூடாது. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நுனித் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வேப், நிகோட்டின் சூயிங்கம் எல்லாம் அதே கணக்குதான். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள். 6 மாதம் இடைவெளி விடுவது பழைய வழக்கம். அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை என்று இப்போது பலரும் வாதிடுகிறார்கள், முடிவு உங்கள் மருத்துவர் கையில். மூக்கில் எப்போதாவது ஃபில்லர் ஊசி, அதாவது தோலுக்கடியில் நிரப்பி வடிவத்தை மாற்றும் ஊசி, போட்டிருந்தால் அதை மறைக்கவே மறைக்காதீர்கள்.

ஆபரேஷன் நாளில் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்போம். நுனியில் மட்டும் சின்ன வேலை என்றால் மரத்துப்போகும் ஊசியும் லேசான தூக்க மருந்தும் போதும். சாதாரணமாக ஒன்றரை முதல் 3 மணி நேரம். விலா எலும்பிலிருந்து குருத்தெலும்பு எடுப்பதாக இருந்தாலோ, ஏற்கெனவே ஒருமுறை செய்த மூக்காக இருந்தாலோ கூடுதலாகும். பலர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம், கூட ஒருவர் இருக்க வேண்டும். கண் விழிக்கும்போது தண்டின்மேல் கெட்டியான ஒரு காப்பு ஒட்டியிருக்கும், மூக்கின் கீழே ரத்தம் உறிஞ்சும் பஞ்சுத் துணி கட்டியிருக்கும். நடுச்சுவரில் வேலை செய்திருந்தால் உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடுகள் இருக்கலாம். முன்பெல்லாம் மூக்கு நிறையத் துணியைத் திணித்து வைப்பார்கள். நீங்கள் கேட்டிருக்கும் பயங்கரக் கதைகளில் பல, அந்தத் துணியை உருவியபோது பட்ட பாடுதான். இப்போது அது பெருமளவு குறைந்துவிட்டது. தொண்டை வழியாகக் கொஞ்சம் ரத்தம் இறங்கியிருந்தால் குமட்டி, கறுப்பாக வாந்தி வரலாம். அது பழைய ரத்தம், பயப்பட வேண்டாம்.

வலியைப் பற்றிப் பலரும் எதிர்பார்ப்பதற்கும் நடப்பதற்கும் பெரிய வித்தியாசம். கூர்மையான வலி குறைவு. கடும் சளி பிடித்து முகமெல்லாம் கனப்பது போன்ற ஓர் அழுத்தம்தான். 2, 3 நாள் பாராசிட்டமாலிலேயே ஓட்டிவிடுபவர்கள் அதிகம். உண்மையான தொல்லை மூச்சடைப்புதான். ஒரு வாரம் வாயால் மூச்சுவிட்டு, இரவில் வாய் வறண்டு, அரைகுறையாகத் தூங்கி எழுவீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், உதட்டில் ஏதாவது தடவிக்கொள்ளுங்கள், தலையை இரண்டு தலையணை உயரத்துக்குத் தூக்கி மல்லாந்தே படுங்கள். கண்ணைச் சுற்றிய வீக்கமும் கன்றலும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். "நேற்றைவிட இன்று மோசமாக இருக்கிறதே" என்று அந்த நாளில்தான் போன் வரும். அதற்குப் பிறகு இறங்குமுகம். எலும்பை வெட்டாத மூக்கில் கன்றலே இல்லாமலும் போகலாம்.

மூக்கைச் சிந்தக் கூடாது, 2 வாரத்துக்காவது. தும்மல் வந்தால் அடக்காமல், வாயைத் திறந்து தும்மிவிடுங்கள். உப்புநீர் ஸ்பிரே அடித்து உள்ளே கட்டியிருக்கும் பொருக்கை ஈரமாக வையுங்கள், விரலை விட்டு நோண்டாதீர்கள். குனிந்து பாரம் தூக்குவது, முக்குவது வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான். தலை வழியாகப் போடும் சட்டைக்குப் பதிலாக முன்னால் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லாத சின்ன விஷயம் இது, காப்பில் துணி மாட்டும்போதுதான் தெரியும்.

முதல் வாரத்தில் மனசும் கொஞ்சம் தொய்யும். மயக்க மருந்தின் களைப்பு, தூக்கமின்மை, கண்ணாடியில் வீங்கிய முகம், எல்லாம் சேர்ந்து "எதற்கு இதைச் செய்துகொண்டோம்" என்று அழுகை வருபவர்கள் ஏராளம். வீட்டில் எதிர்ப்பு இருந்தால் அந்த நேரத்தில் யாரிடமும் சொல்லவும் முடியாது. உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது, ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு உங்கள் பக்கம் இருக்கும் ஒருவரை இப்போதே பிடித்து வையுங்கள்.

ஏறக்குறைய 7-ஆம் நாள் காப்பையும் வெளித் தையலையும் எடுப்போம். எல்லோரும் ஆவலாகக் காத்திருக்கும் நாள் இது. நான் ஒவ்வொருவரிடமும் முன்பே சொல்லி வைப்பது, அன்றைக்குக் கண்ணாடியில் பார்ப்பது உங்கள் புது மூக்கு கிடையாது. தண்டு அகலமாக, நுனி உருண்டையாக, இருக்க வேண்டியதைவிட மேலே தூக்கிக்கொண்டு இருக்கும். தொட்டால் மரத்துப்போயிருக்கும். சிரித்தால் மேலுதடு இறுகி, சிரிப்பே வேறுமாதிரி தெரியும். அது சில வாரங்களில் பெரும்பாலும் தளர்ந்துவிடும். காப்பைக் கழற்றிய சில மணி நேரத்திலேயே கொஞ்சம் கூடுதலாக வீங்கவும் செய்யும். அன்றே படமெடுத்து அலசத் தொடங்கினால் நிம்மதி போய்விடும்.

லீவு: மேசை வேலை என்றால் 7 முதல் 10 நாள். ஆட்களை நேருக்கு நேர் பார்க்கும் வேலை என்றால் 2 வாரம் கேட்டுவையுங்கள், அதற்குள் கன்றல் மறைந்துவிடும் அல்லது ஒப்பனையில் மறைக்கும் அளவுக்கு வந்துவிடும். உங்கள் மூக்கைத் தெரியாதவர்களுக்கு 3, 4 வாரத்தில் ஒன்றுமே தெரியாது. மெல்ல நடப்பது ஓரிரு நாளிலேயே நல்லது. ஓட்டம், உடற்பயிற்சி 3, 4 வாரம் கழித்து. பந்தோ முழங்கையோ முகத்தில் படக்கூடிய விளையாட்டுக்குக் குறைந்தது 6 வாரம், எலும்பை வெட்டியிருந்தால் 3 மாதம் பொறுப்பது நல்லது. மூக்குக் கண்ணாடி தண்டில் உட்காரக் கூடாது, 4 முதல் 6 வாரம். அதுவரை நெற்றியில் டேப் போட்டுத் தொங்கவிடலாம், லென்ஸ் போடுபவர்கள் பிழைத்தார்கள். வெயிலில் போனால் சன்ஸ்கிரீன், தொப்பி.

பெரும்பகுதி வீக்கம் முதல் மாதத்திலேயே வடிந்துவிடும். மிச்சம் வடிவதுதான் பொறுமையைச் சோதிக்கும். தண்டு முதலில் துலங்கும், நுனி கடைசியில். ஒரு வருஷம் என்பது சாதாரணக் கணக்கு, தடித்த தோலில் ஒன்றரை வருஷம்கூட ஆகும். காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும், ஒரு பக்கம் முந்தி வடிந்து மறுபக்கம் பிந்தும். மூன்றாம் மாதத்தில் "கோணலாகிவிட்டது" என்று பதறி வருபவர்களில் பலருக்கு ஒன்பதாம் மாதத்தில் அந்தக் கோணலே இருப்பதில்லை. சிலருக்கு இருக்கும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி, என்னென்ன கெடலாம். முதல் இரண்டு நாளில் ரத்தக் கசிவு எதிர்பார்க்கக் கூடியதே; பிறகு 5 முதல் 10 நாளுக்குள் பொருக்கு உதிரும்போது மறுபடி வரலாம். நேராக உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, 15 நிமிடம் கழித்தும் சிவப்பாக ஓடிக்கொண்டே இருந்தால் உடனே போக வேண்டும். இரண்டு பக்கமும் திடீரென்று முழுசாக அடைத்து விண்விண் என்று வலித்தால் நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கலாம். அதை அன்றே வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு அழிந்து தண்டு உட்கார்ந்துவிடும். காய்ச்சலோடு தோல் சிவந்து தலைசுற்றினாலும், பார்வை மங்கினாலும், தண்ணீர் போன்ற திரவம் விடாமல் சொட்டினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இவை அபூர்வம். கிருமித்தொற்றும் அவ்வளவாக வராது, மூக்குக்கு ரத்த ஓட்டம் தாராளம். வாசனை தெரியாமல் போவது பெரும்பாலும் வீக்கத்தால், திரும்பிவிடும். நடுச்சுவரில் ஓட்டை விழுவதும், நிரந்தர மூச்சடைப்பும் நடக்கக்கூடியவைதான், அதனால்தான் வால்வைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

இவற்றையெல்லாம்விட அதிகம் நடப்பது, ஆபத்து ஒன்றும் இல்லாமல், முழுத் திருப்தி மட்டும் வராமல் போவது. இரண்டாம் முறை கத்தி தேவைப்படுபவர்கள் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். யாரை, எப்படி எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து மாறும் கணக்கு அது. திருப்தியில்லாமலேயே விட்டுவிடுபவர்கள் அதில் வர மாட்டார்கள். "என் நோயாளிகளில் ஒருவருக்குக்கூட மறு ஆபரேஷன் தேவைப்பட்டதில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர்கள் வேறு மருத்துவரிடம் போயிருப்பார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

நிச்சயமாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. அதிர்வுக் கருவியால் எலும்பை வெட்டினால் முதல் வாரக் கன்றல் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வருஷம் கழித்து மூக்கு அதிக அழகாக இருக்கும் என்பதற்கு அப்படி வலுவான சான்று இல்லை. மேட்டைச் சீவாமல், தண்டை முழுசாக வைத்துக்கொண்டு அடியிலிருந்து குறைத்துக் கீழே இறக்கும் முறை இப்போது ரொம்பப் பேசப்படுகிறது. நூறு வருஷத்துக்கும் மேலான யோசனைதான் அது, திரும்ப வந்திருக்கிறது. பொருத்தமான மூக்குக்கு அருமையாக வரும், எல்லா மூக்கும் பொருத்தமில்லை. ஆர்னிகா என்ற மூலிகை மாத்திரையால் கன்றல் சீக்கிரம் போகுமா என்பதில் முடிவுகள் இரண்டு விதமாகவும் இருக்கின்றன. இரவில் டேப் ஒட்டுவது தடித்த தோலில் கொஞ்சம் உதவலாம். கத்தியே வேண்டாம், ஃபில்லர் ஊசி போதும் என்று யாராவது சொன்னால்: ஊசியால் சேர்க்கத்தான் முடியும், குறைக்க முடியாது. மேட்டுக்கு மேலும் கீழும் நிரப்பி அதை மறைக்கலாம், சில மாதங்களில் கரையும். மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். "வெறும் ஊசிதானே" என்று அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடிய இடம் இல்லை மூக்கு.

நீங்கள் நீங்களாகத் தெரிவீர்களா என்ற கேள்விக்கு: மேட்டைக் குறைத்து நுனியைச் சற்றே தூக்கும் வேலையில், பெரும்பாலும் ஆம். நேராகப் பார்க்கும்போது மாற்றம் குறைவாகவும், பக்கவாட்டில் அதிகமாகவும் தெரியும். நம் முகத்தை நாம் கண்ணாடியில் நேராகத்தான் பார்க்கிறோம், ஆகவே முதலில் பழகிக்கொள்ள வேண்டியது உங்கள் பக்கவாட்டுப் படங்களுக்குத்தான். கூட வேலை பார்ப்பவர்கள் "முடி வெட்டினாயா, இளைத்தாயா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். முகமே மாறிப்போனதாகத் தெரிவது, அளவுக்கு மீறி எடுத்துவிட்ட மூக்குகளில்தான். அதனால் மருத்துவரிடம் பேசும்போது எவ்வளவு எடுப்பீர்கள் என்பதோடு, எதை அப்படியே விட்டுவைப்பீர்கள் என்றும் கேளுங்கள். தண்டில் ஒரு நூலளவு மேடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீங்களே சொல்லலாம். பிற்பாடு குறைப்பது எளிது, எடுத்ததைத் திரும்ப வைக்கக் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு தேட வேண்டும்.

ஒருவேளை அப்படி இரண்டாம் முறை என்று வந்தால், வடுத்திசு இளகும்வரை ஏறக்குறைய ஒரு வருஷம் பொறுத்துத்தான் மறுபடி கை வைப்பார்கள். அதனால் மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே ஆபரேஷன் குறிப்பின் நகலையும், முன்னால் எடுத்த படங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கிருந்து குருத்தெலும்பு எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள், நடுச்சுவரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இன்னொரு மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.